சனிக்கிழமைகளில் சாகிற மீன்

வண்ண மீன் விற்கிறவளிடம் யாழ்ப்பாணத்துச் சனம் முதலில் கேட்பது மீனின் பெயரையோ அது எவ்வளவு வளரும் என்பதையோ அல்ல, "உது சாகாதோ?" என்பதைத்தான்.

சாகும். எல்லாம்தான் சாகும். கத்தரிக் கன்று வாங்கும்போது கேட்காத கேள்வியை என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்று ஆரம்பத்தில் எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை. நீங்களும் ஆசையாய் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்து, ஒரு காலை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பார்க்கையில் ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கக் கண்டவராக இருந்தால், உங்கள் பாடு எனக்கும் என் பாடு உங்களுக்கும் தெரியும். சூடேற்றும் கருவி இல்லாத, மேசையில் அடங்குகிற சின்னத் தொட்டிக்கு எந்த மீன் பொருந்தும் என்று பதினொரு வருடமாகச் சொல்லி வருகிறேன். அதில் பல வருடங்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்தேனே தவிர, பொருந்துமா என்று யோசித்துச் சொல்லவில்லை. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

திருப்பி விடுகிற அளவு

நான் குருநகர்க்காரி. அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் கடல் தொழில். எங்கள் வீட்டில் மீன் என்றால் சட்டிக்குள் போகிற சாமான், அவ்வளவுதான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒடுக்கமான கடை ஒன்றை எடுத்து, கொழும்பிலிருந்து காற்றடைத்த பைகளில் வருகிற மீன்களைச் சும்மா பார்ப்பதற்கென்று விற்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, மூன்று நாள் வீட்டில் யாரும் என்னோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை. பெரியண்ணை மட்டும், எங்கள் குடும்பத்தில் மீனுக்குச் சாப்பாடு போடப் போகிற முதல் ஆள் நீதான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடை திறந்த அன்று அப்பா வரவில்லை. அடுத்த கிழமை ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டு போனார். கப்பி மீன்கள் நின்ற தொட்டிக்கு முன்னால் கனநேரம் குனிந்து நின்றார். சுண்டுவிரல் நகத்தளவு மீன்கள், பட்டுத் துணிபோல வால். ஏச்சு வரப்போகிறது என்று நினைத்து நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"உந்த அளவு மீன் வலையிலை வந்தால் நாங்கள் திருப்பிக் கடலிலை விட்டிடுவம், பிள்ளை."

வட்டக் கிண்ணம்

கொழும்புத்துறையிலிருந்து வதனியும் ரமணனும் வந்தது ஒரு தை மாதம். கலியாணம் முடித்து ஒன்றரை வருடம் ஆன சோடி. அவன் மேசன் வேலை செய்கிறவன். இன்னும் இரண்டு கிழமையில் ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் வெளிநாடு போகப் போகிறான். எந்த நாட்டில் இறங்கி எந்த நாட்டுக்குப் போவது என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. தான் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று மீன் வாங்க வந்திருந்தான்.

அவன் தூக்கியது பூசணிக்காய் அளவு வட்டக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. அதற்குள் விட இரண்டு பொன்மீன். பொன்மீன் கையளவு வளருகிற சாதி. நிறையத் தின்னும், நிறைய அழுக்குப் பண்ணும், எங்கள் வெயிலில் சின்னத் தண்ணீருக்குள் மூச்சுத் திணறும். இதெல்லாம் எனக்குத் தெரியும். கிண்ணம் கொஞ்சம் சின்னன் என்று ஒருமுறை முணுமுணுத்தேன். வீட்டில் பெரிது வைக்க இடமில்லை என்றான். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு சந்தோசமாக நின்றார்கள், எனக்கும் வியாபாரம் நடந்தது. ஒரு மீனுக்குத் தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தது. பையைத் தூக்கிப் பிடித்து அதை வதனிக்குக் காட்டிவிட்டு ரமணன் என்னிடம் சொன்னான்:

"பொட்டு வைச்சது நான், மற்றது இவள். நான் திரும்பி வந்து பாக்கேக்கை உது ரண்டும் நிக்க வேணும் அக்கா."

வேலை செய்கிற மீன்

பண்டத்தரிப்பிலிருந்து ஒரு கமக்காரர் வருவார். வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் வந்து, முதலாளி இல்லையோ என்று கேட்டார். முதலாளி நான்தான் என்றேன். அதை நம்புவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தோட்டத்துச் சீமெந்துத் தொட்டித் தண்ணீரில் நுளம்பின் புழு, குடம்பி, நெளிகிறதாம், டெங்கு வருமென்று சுகாதாரப் பரிசோதகர் வந்து எச்சரித்துவிட்டுப் போனாராம். குடம்பி தின்கிற மீன் வேண்டுமாம்.

கப்பிதான் சரி என்று பத்துப் பிடித்துக் கொடுத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கொழும்பில் வளர்ந்த பல மீன்களுக்கு அது ஒத்துவராது. கப்பிக்கோ அந்தத் தண்ணீர்தான் தேன். அப்படியே வீட்டுக்குள் வைத்துப் பார்க்க ஒரு சண்டை மீனையும் காட்டினேன். மனிசன் அதைக் கீழும் மேலும் பார்த்துவிட்டு, தன் வீட்டு மருமகனைப் பற்றிச் சொல்வது போல இழுத்துச் சொன்னார்:

"வேலை வெட்டி செய்யாமல் திண்டுகொண்டு நிக்கிறது எனக்கு வேண்டாம், பிள்ளை."

மச்சம்

வண்ண மீன்காரருக்கு இருக்கிற பெரிய தலையிடி, அன்பாகச் சாப்பாடு போடுகிறவர்கள். ஒரு சிட்டிகை போதும் என்று நான் சொல்ல, வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை போடுவார்கள். தின்னாதது அடியில் அழுகும், தண்ணீர் கெடும், பிறகு என்னிடம் சண்டைக்கு வருவார்கள். உங்களில் பாதிப்பேர் இதைச் செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு வீட்டுக்காரி மட்டும் அப்படி வரவே இல்லை. பள்ளிக்கூட ரீச்சர், செவ்வாயும் வெள்ளியும் சைவம் தவறாதவர். ஐந்து பிளாற்றி மீன் வாங்கிப்போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு சாப்பாட்டுப் பெட்டிக்கு மட்டும் வந்தார். ஐந்தும் நிற்கிறது, குட்டியும் போட்டிருக்கிறது என்றார். நான் திகைத்துப் போய் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மீன் தீனிப் பெட்டியில் என்ன சேர்த்திருக்கிறது என்று வாசித்துப் பார்த்தாராம். மீன் மா என்று இருந்ததாம். மீன், இறைச்சி சேர்ந்தால் அது மச்சம்தானே என்று செவ்வாயும் வெள்ளியும் தொட்டிக்கு ஒன்றும் போடுவதில்லையாம். கிழமைக்கு இரண்டு நாள் வயிறு காய்வதுதான் அந்த மீன்களின் ஆயுள் இரகசியம். அது அவருக்குத் தெரியாது. மீன்களைப் பட்டினி போடுகிறோமே என்ற குற்ற உணர்ச்சியோடு என்னிடம் நியாயம் கேட்டார்:

"வெள்ளிக்கிழமையிலை நாங்களே மச்சம் தொடுறேல்லை, பிறகு மீனுக்கு எப்பிடி மச்சம் போடுறது?"

வெள்ளைப் பொட்டு

ரமணன் போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, கடை திறக்க முன்னமே வதனி வாசலில் நின்றாள். பையில் பொட்டு மீன், செத்துப் போய். அழவில்லை. தொட்டி மீன் செத்தால் வீட்டுக்கு வருகிற கண்டத்தை அது வாங்கிக்கொண்டு போகிறது என்று சனம் சொல்லுமே, அதைச் சொல்லித் தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் ரமணனுக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். சனிக்கிழமையில், அதுவும் அவன் தன் பெயரைச் சொல்லிவிட்ட மீன் செத்தது அவளுக்குத் தாங்க முடியவில்லை. கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தாள். எனக்குச் சனி பகவானைத் தெரியாது. ஆனால் அப்பாவின் வள்ளம் பிந்துகிற நாட்களில் அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வாசலிலேயே இருப்பா. அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரமணன் போன் எடுக்கிற போதெல்லாம் வீடியோவில் மீனைக் காட்டச் சொல்லிக் கேட்பானாம். அவனும் தான் இருக்கிற அறையைக் காட்டுவானாம். நல்ல அறை, யன்னலுக்குத் திரைச்சீலை, சுவரில் படம். நானும் அவளும் தொட்டி தொட்டியாகத் தேடி, தலையில் பொட்டு இருக்கிற இன்னொரு பொன்மீனைப் பிடித்தோம். அடுத்த மாதம் அது செத்தது. சனிக்கிழமை வந்தாள். மீண்டும் தேடினோம். அப்போதும் உன் தொட்டித் தண்ணீரை எப்படி மாற்றுகிறாய் என்று நான் கேட்கவில்லை. பொட்டு ஒத்துப்போகிறதா என்பதில்தான் என் கவனம் எல்லாம் இருந்தது. அவள் பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"போனிலை பாக்கேக்கை வித்தியாசம் தெரியாது, என்னக்கா? அவருக்குத் தெரியாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும்."

கனடாவிலிருந்து வந்த சூடு

பண்டத்தரிப்புக் கமக்காரர் ஆறு மாதம் கழித்து ஒரு கண்ணாடித் தொட்டி வாங்க வந்தார். வேலை செய்யாத மீன் வேண்டாம் என்றவருக்குத் தொட்டி எதற்கு என்று கேட்டேன். சீமெந்துத் தொட்டிக்குள் குனிந்து குனிந்து பார்த்து இடுப்பு, நாரி எல்லாம் நோகிறதாம். பொய் சொல்லத் தெரியாத மனிசன். மீனில் ஆசை வந்துவிட்டது.

தொட்டியைக் கனடாவிலிருக்கிற தம்பிக்குப் போனில் காட்டியிருக்கிறார். தம்பி பார்த்துவிட்டுப் பதறி, அண்ணை தொட்டியில் சூடேற்றி இல்லை, மீன் விறைக்கப் போகுது என்று, ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி சுற்றிய சாமான். மார்கழி மழை பெய்த ஒரு நாள், நம்முடையதில் பாதி வலுவுள்ள கனடா மின்சாரத்துக்குச் செய்த அதை நம் வீட்டு மின்சாரத்தில் செருகி, முழு அளவில் திருப்பி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். வந்து பார்த்தபோது குழாய் வெடித்து, தண்ணீர் கொதித்து, கப்பி எல்லாம் அவிந்து கிடந்ததாம். கையை விட்டுப் பார்க்கும் முன் மின்சாரத்தை நிறுத்தினாரே, அதுவே கடவுள் புண்ணியம். எங்கள் ஊரில் மார்கழிக் குளிரையும் கப்பி சும்மா தாங்கும், தொட்டியை யன்னல் காற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும் என்று சொல்லி வேறு பத்துப் பிடித்துக் கொடுத்தேன். தம்பிக்கு இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லையாம். சூடேற்றி நல்லா வேலை செய்யுது என்றுதான் சொன்னாராம். ஏன் என்று நான் கேட்காமலே அவர் சொன்னார்:

"முப்பது வருசமாய்க் குளிருக்கை கிடக்கிறான் பிள்ளை, எங்களுக்கும் குளிருமெண்டு நினைச்சு அனுப்பினவன்."

கிணற்றடி

மூன்றாவது சனிக்கிழமை வதனி வெறுங்கையோடு வந்தாள். ரமணனிடமிருந்து போன் வந்து ஐந்து கிழமை ஆகிவிட்டது. ஏஜென்சிக்காரனின் இலக்கமும் வேலை செய்யவில்லை. அன்று காலை எழும்பிப் பார்த்தால் இரண்டு மீனும் செத்துக் கிடந்ததாம். இனி மாற்றி வைக்க வேண்டாம், அந்தக் கிண்ணத்தை வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டாள். கடையைப் பூட்டிவிட்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். போகிற வழியில்தான் மூன்று சனிக்கிழமை என்பது எனக்கு உறைத்தது. அவளுக்குச் சனி தெரிந்தது. எனக்கு அதற்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை, என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது.

கிணற்றடிச் சீமெந்துக் கட்டின் மேல் குத்துவிளக்கும் தூண்டாமணி விளக்கும் புளி போட்டு மினுக்கி வரிசையாக வைத்திருந்தது. பக்கத்தில் வட்டக் கிண்ணம், கவிழ்த்தபடி, அதுவும் அதே மினுக்கத்தோடு. அருகில் சவர்க்காரத் தூள் பை. ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு மினுக்கும்போது மீன்களை ஒரு வாளியில் விட்டுவிட்டு, கிண்ணத்தையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, முழுதும் புதுத் தண்ணீர் நிரப்பியிருக்கிறாள். புருசன் பெயர் வைத்த மீனை அழுக்கில் விடக்கூடாது என்று சாமி சாமானோடு சேர்த்துக் கழுவியிருக்கிறாள். கிணற்று நீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். கடல் கிட்ட என்பதால் லேசான உவர். நான் கிணற்றுக் கட்டிலேயே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மீனுக்குப் பழைய தண்ணீர்தான் வீடு, அதை ஒரேயடியாக மாற்றக் கூடாது. சவர்க்காரம் மீனுக்கு நஞ்சு. இதற்கெல்லாம் முதல், பொன்மீன் அந்தக் கிண்ணத்துக்கு ஆகாது என்று எனக்கு முதல் நாளே தெரியும், தெரிந்தும் தந்தேன், இரண்டு முறையும் ஒரு வார்த்தை கேட்காமல் பொட்டுத் தேடினேன். அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது. அவள் கிண்ணத்தை நிமிர்த்தி, உள்ளே விரலால் தடவிப் பார்த்து, பிறகுதான் அத்தனை நாளுக்கும் சேர்த்து அழுதாள்.

"சாகடிச்சது நானெண்டால் பரவாயில்லை அக்கா. அப்ப அவருக்கு ஒண்டும் இல்லைத்தானே."

கறுப்பு

மீனைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், ரமணனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அன்று கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாள் இரண்டடி நீளத் தொட்டி ஒன்றும், கொஞ்சம் நீர்ப்பாசியும், ஆறு கறுப்பு மொலியும் கொண்டுபோனேன். மொலி உவர் தண்ணீரில் குதூகலமாக நிற்கிற சாதி, கொழும்புத்துறைக் கிணற்றுக்கென்றே செய்தது போல. வெள்ளிக்கிழமை தொட்டிப் பக்கமே போகக் கூடாது, புதனில் ஒரு செம்பு எடுத்து ஒரு செம்பு விடு, அவ்வளவுதான் என்றேன். கறுப்பு நிறம் சனிக்கு உரியது என்று அவள் முதலில் தயங்கினாள். பிறகு, அப்படியென்றால் சனி பகவானுக்கும் பிடிக்கும்தானே என்று தானே சொல்லிச் சமாளித்துக்கொண்டாள். சனிக்கிழமை வந்தது, போனது. நானும் கடையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் வரவில்லை. பாசிக்குள் எள்ளுப்போலக் குட்டிகள் தெரிகிறதென்று ஒரு நாள் போன் எடுத்துச் சொன்னாள்.

ரமணன் எல்லையில் பிடிபட்டு முகாம் ஒன்றில் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. அவன் போன் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து சில நாளில் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். ஆள் பாதியாகிப் போயிருந்தான், இருமல் நிற்கவில்லை. பிடிபடும்வரை நல்ல அறையில் இருந்தும் இப்படி ஏன் மெலிந்தாய் என்று கேட்டுவிட்டேன். வதனி கடைக் கோடியில் பாசி தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"பொட்டு இடப்பக்கம் மாறினது எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. நான் இருந்தது காட்டுக்கை. போன் எடுக்கேக்கை ஆரோ ஒருத்தன்ரை அறையைத்தானே என்ரை அறையெண்டு அவளுக்குக் காட்டினனான், பிறகு என்னெண்டு மீனைப் பற்றிக் கேக்கிறது?"

இப்போதெல்லாம் "உது சாகாதோ?" என்று யார் கேட்டாலும், "வெள்ளிக்கிழமையிலை வீட்டிலை என்னென்ன கழுவுவியள்?" என்று நான் திருப்பிக் கேட்பதால், மீன்கடைக்காரிக்கு எங்கேயோ கழன்றுவிட்டது என்று ஊருக்குள் ஒரு கதை அடிபடுகிறது, அந்தக் கதை பரவினபிறகு என் மீன்கள் முன்னையைவிடக் கொஞ்சம் கூடுதலான நாள் உயிரோடு இருக்கின்றன.